அம்மம்மாவின் குரலைப் பதிய எந்த மைக் வாங்கலாம்?

கசெற்றில் கடிதம் அனுப்பிய காலம் எங்களில் பலருக்கு நினைவிருக்கும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குத் தாய் ஒரு பக்கம் முழுக்கப் பேசுவார். மறுபக்கத்தில் தம்பி தங்கைமார் பேசுவார்கள், யாராவது ஒரு பாட்டுப் பாடுவார்கள். அந்தக் கசெற்றுகளில் எஞ்சியவற்றை இன்று போட்டுப் பார்த்தால் முதலில் கேட்பது நாடாவின் இரைச்சல். அதற்குப் பின்னால் காகம், காற்று, கிணற்றடிச் சத்தம். அதற்கும் பின்னால் எங்கோ தூரத்தில் அம்மா.

இன்று இறுப்பிட்டியில் ஒரு பேத்தி கைத்தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு, எதிரே கதிரையில் இருக்கும் அம்மம்மாவைப் பாடச் சொன்னாலும் நடப்பது ஏறக்குறைய அதேதான். நாடாவின் இரைச்சல் இல்லை. ஆனால் பனையோலைச் சலசலப்பும் மின்விசிறியும் முன்னுக்கு வர, அம்மம்மா பின்னுக்குப் போய்விடுகிறார். கருவி மாறியிருக்கிறது, தூரம் மாறவில்லை.

புங்குடுதீவின் மற்ற வட்டாரங்களைப் போலவே இறுப்பிட்டியும் போரில் வெறுமையான ஊர். 1990, 1991 ஆண்டுகளில் தீவகத்தில் நடந்த இராணுவ நடவடிக்கைகளின்போது புறப்பட்டவர்கள் யாழ்ப்பாணம், வன்னி, கொழும்பு என்றும், பிறகு கனடா, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து, பிரித்தானியா என்றும் சிதறினார்கள். எல்லோரும் திரும்பவில்லை. ஊரின் தாலாட்டும் ஒப்பாரியும் கூத்துப்பாட்டும், தீவுக்கே உரிய பேச்சும் இன்று பெரும்பாலும் முதியவர்களிடம்தான் இருக்கின்றன. புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினம் தன் கவிதைகளைப் பாடிக் காட்டுவதில் பேர்போனவர். 2006இல் மறைந்தார். அவருடைய சொற்களை அச்சுப் புத்தகம் காப்பாற்றும். பாடிய விதத்தை ஒலிப்பதிவு மட்டுமே காப்பாற்ற முடியும். எங்கள் வீடுகளில் இருக்கும் ஆச்சிமாருக்கும் அப்புமாருக்கும் அச்சுப் புத்தகமும் கிடையாது.

ஆகவே "வீட்டில் குரலைப் பதிய மலிவான நல்ல மைக் எது?" என்ற கேள்வியைப் பொழுதுபோக்குக் கேள்வியாக ஒதுக்கிவிட முடியாது. ஒரு பாட்டுக்காரப் பிள்ளைக்கும் அது வேண்டும், தாத்தாவின் நினைவுகளைச் சேர்க்க நினைக்கும் பேரனுக்கும் வேண்டும். வெளிநாட்டில் இருந்து ஊருக்கு வரும் உறவுகள் "என்ன வாங்கி வரட்டும்?" என்று கேட்கும்போது சொல்ல ஒரு விடையும் வேண்டும். காசைச் செலவழிக்க முன் அறிய வேண்டியவற்றை இங்கே ஒழுங்காகப் பார்ப்போம்.

விலைக்கு முன் தூரம்

நல்ல பதிவைத் தீர்மானிப்பதில் முதலிடம் மைக்கின் விலைக்கு இல்லை. வாய்க்கும் மைக்குக்கும் இடையிலான தூரத்துக்குத்தான்.

கைத்தொலைபேசி ஒரு முழத் தூரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். அதை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவந்தால் தூரம் பாதியாகிறது, மைக்குக்கு நேராகப் போய்ச் சேரும் குரலின் ஒலியழுத்தம் இரண்டு மடங்காகிறது. அரைச் சாணுக்குக் கொண்டுவந்தால் நான்கு மடங்கு. ஒலிப்பதிவாளர்கள் இதை 6 டெசிபெல், 12 டெசிபெல் என்று சொல்வார்கள். இந்த நகர்த்தலில் யன்னலுக்கு வெளியே இருக்கும் பனைமரம் கிட்டவில்லை, மின்விசிறி கிட்டவில்லை, சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் கூடவில்லை. குரல் மட்டும் நான்கு மடங்கு முன்னுக்கு வருகிறது. ஒரு சதமும் செலவில்லை.

எனவே மைக் வாங்கும் எண்ணம் வந்தவுடன் முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் கைத்தொலைபேசியில் மைக் துளை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கீழ் விளிம்பில் இருக்கும். அந்தத் துளை வாய்க்கு ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் இருக்கும்படி புத்தகங்களை அடுக்கி அதன்மேல் கைத்தொலைபேசியை வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதியுங்கள். முன்பு மேசையில் வைத்துப் பதிந்ததோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். இந்த வேறுபாடே போதும் என்று தோன்றினால் காசு மிச்சம். போதாது என்றால், இனி வாங்கப் போகும் மைக் எந்தக் குறையைத் தீர்க்க வேண்டும் என்பதாவது தெரிந்துவிடும்.

இரண்டு வகை மைக்

கடையில் கிடைக்கும் குரல் மைக்குகள் பெரும்பாலும் இரண்டு வகை: டைனமிக், கொண்டென்சர்.

டைனமிக் மைக்கை எங்கள் தலைமுறைக்கு விளக்கப் பாடப்புத்தகம் தேவையில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி கிடைக்காதபோது, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலி கேட்டவர்கள் நாங்கள். காந்தமும் கம்பிச்சுருளும் ஒன்றுக்கொன்று அசைந்தால் மின்சாரம் பிறக்கும், டைனமோ அவ்வளவுதான். டைனமிக் மைக்கும் அதேதான். வலைமூடிக்குள் ஒரு மெல்லிய தகடு இருக்கிறது. அதன் பின்புறத்தில் மிகச் சிறிய கம்பிச்சுருள் ஒரு காந்தத்தின் நடுவே நிற்கிறது. குரல் தகட்டை அசைக்க, சுருள் அசைகிறது, மெல்லிய மின்சாரம் வருகிறது. வெளியில் இருந்து மின்சாரம் கொடுக்கத் தேவையில்லை.

இந்த வகை முரடானது. விழுந்தாலும் இலகுவில் பழுதாகாது, உப்புக் காற்றையும் ஈரத்தையும் ஓரளவு தாங்கும். கம்பிச்சுருளின் பாரத்தால் தகடு எளிதில் அசையாது. ஆதலால் அது நுட்பமான ஒலிகளில் மந்தமானது, கிட்டவிருந்து வரும் குரலை நன்றாக எடுக்கும், தூரத்துச் சத்தத்தைப் பெரிதாகக் காட்டாது. தீவக வீடு ஒன்றுக்கு இந்த மந்தம் ஒரு வரம்.

கொண்டென்சர் மைக்கில் மிக மெல்லிய ஒரு படலமும் அதன் பின்னால் ஒரு தகடும் இருக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி குரலால் மாறும்போது மின் சைகையும் மாறுகிறது. இது இயங்க மின்சாரம் வேண்டும். ஸ்டூடியோ வகைகளுக்கு 48 வோல்ட் கேபிள் வழியாகவே கொடுக்கப்படும், அதை 'பான்டம் பவர்' என்பார்கள். படலம் மெல்லியது என்பதால் மூச்சும் முணுமுணுப்பும்கூடத் துல்லியமாக விழும். ஓடியோ-டெக்னிகாவின் ஏ.டி.2020 என்ற பிரபலமான கொண்டென்சர், ஷூரின் எஸ்.எம்.58 என்ற பிரபலமான டைனமிக்கை விட ஏழு மடங்குக்கும் மேல் வலிய சைகை தரும். ஆனால் துல்லியம் குரலுக்கு மட்டும் அல்ல. சேவல், முச்சக்கரவண்டி, குறிகட்டுவானுக்குப் போகும் பஸ், தகரக் கூரையில் மழை எல்லாவற்றுக்கும் அதே துல்லியம்தான்.

கொண்டென்சர்தான் 'ஸ்டூடியோ மைக்', டைனமிக் கோயில் மேடைக்கு மட்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. மைக்கல் ஜாக்சனின் 1982ஆம் ஆண்டு 'திரில்லர்' தொகுப்பில் அவருடைய குரலைப் பதிந்ததில் முக்கிய பங்கு ஒரு டைனமிக் மைக்குடையது, ஷூரின் எஸ்.எம்.7. சத்தமே புகாத அறைகள் இருந்தவர்களே டைனமிக்கைத் தேர்ந்தார்கள் என்றால், யன்னலை மூடினால் வியர்த்துக் கொட்டும் வீட்டில் இருப்பவர்கள் தயங்கத் தேவையில்லை.

யாருக்கு எது?

ஒரே மைக் எல்லோருக்கும் பொருந்தாது. மூன்று நிலைகளாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, முதியவர் ஒருவரின் பேச்சையும் பாட்டையும் கைத்தொலைபேசியில் பதிய வேண்டும், கணினி இல்லை, பணமும் குறைவு. இதற்குச் சட்டையில் அல்லது சேலைத் தலைப்பில் குத்தும் சிறு மைக் போதும். போயா நிறுவனத்தின் பி.வை.-எம்1 நீண்ட காலமாகப் பலரும் பாவிப்பது. 6 மீற்றர் கேபிள் உண்டு. இதுவும் கொண்டென்சர் வகைதான், ஆனால் தானே மின்னேற்றம் தாங்கிய 'எலெக்ட்ரெட்' படலம் கொண்டது. 1962இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் இருவரும் கண்டுபிடித்த இந்தப் படலத்தால்தான் மைக் இவ்வளவு மலிவானது. இது எல்லாப் பக்க ஒலியையும் எடுக்கும். ஆயினும் வாயிலிருந்து ஒரு சாண் கீழே, நெஞ்சில் இருப்பதால் குரல் எப்போதும் கிட்டவே இருக்கும். பேசுபவர் தலையைத் திருப்பினாலும், கையை ஆட்டிக் கதை சொன்னாலும் குரல் பெரிதாகக் குறையாது. கையில் மைக்கைக் கொடுத்தால் பல முதியவர்கள் மேடையில் பேசுவதுபோல் பேசத் தொடங்கிவிடுவார்கள். சட்டையில் குத்தியதைச் சிறிது நேரத்தில் மறந்துவிடுவார்கள், அதற்குப் பிறகு வருவதுதான் உண்மையான பேச்சு.

இந்த மைக்கில் ஒரு சிறிய ஆளி இருக்கும். ஒரு நிலை கைத்தொலைபேசிக்கு, மற்றது கமராவுக்கு. அதைப் பிழையான பக்கத்தில் வைத்துவிட்டு "மைக் பழுது" என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. வாங்க முன் உங்கள் கைத்தொலைபேசியில் வட்டத் துளை இருக்கிறதா, சி வகைத் துளை மட்டுமா என்று பார்த்து, அதற்குரிய மைக்கை அல்லது இணைப்பியைக் கேளுங்கள்.

இரண்டாவது, பாடுகிற பிள்ளை. கரோக்கி இசைக்கோ சுருதிப் பெட்டிக்கோ பாடிக் காணொளி போட வேண்டும், அல்லது தேவாரம், காவடிப்பாட்டு, வானொலிக் குறிப்பு எனக் குரலே முதன்மை. இதற்குக் கையில் பிடிக்கும் டைனமிக் மைக்கே முதல் தேர்வு. கணினியில் நேராகச் செருகும் யு.எஸ்.பி. வழியும், கலவைக் கருவியில் செருகும் மூன்று முனை எக்ஸ்.எல்.ஆர். வழியும் இரண்டும் உள்ள டைனமிக் மைக்குகள் உண்டு. சாம்சன் கியூ2யூ அப்படியானது. இன்று கணினியில் பாவிக்கலாம், நாளை கோயில் திருவிழாவின் ஒலிபெருக்கியிலும் செருகலாம். தன் குரலைக் கேட்க ஹெட்போன் செருகும் துளையும் மைக்கிலேயே இருக்கிறது. வேறு பெட்டி வாங்கத் தேவையில்லை என்பது பெரிய மிச்சம். பல அன்ட்ரொயிட் கைத்தொலைபேசிகளிலும் ஓ.டி.ஜி. இணைப்பி போட்டு இதை இயக்கலாம். மின்சாரம் நின்றாலும் பதிவு நிற்காது.

எக்ஸ்.எல்.ஆர். மட்டும் உள்ள டைனமிக்கில் மலிவானது பெரிங்கர் எக்ஸ்.எம்.8500. 1966 முதல் உலக மேடைகளில் புழங்கும் ஷூர் எஸ்.எம்.58 அமெரிக்காவில் ஏறத்தாழ 100 டொலர். எக்ஸ்.எம்.8500 அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வீட்டில் பதிந்து கைத்தொலைபேசியில் கேட்கும் பாட்டில் இந்த இரண்டையும் வேறுபடுத்திச் சொல்வது கடினம். ஆனால் இவற்றைக் கணினியோடு இணைக்க 'ஓடியோ இன்டர்பேஸ்' என்ற சிறு பெட்டி வேண்டும். பெரிங்கர் யூ.எம்.2, போக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ போன்றவை இந்த வகை. மைக், பெட்டி, கேபிள், தாங்கி நான்கையும் கூட்டித்தான் விலை பார்க்க வேண்டும். மைக்கின் விலையை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது.

மூன்றாவது, அமைதியான அறை இருக்கிறது, குரல் மிக மெல்லியது. தொண்டை தளர்ந்த தொண்ணூறு வயது ஆச்சியின் தாலாட்டு இதற்கு நல்ல உதாரணம். இங்கே டைனமிக் தோற்கலாம். அதன் சைகை மெல்லியது என்பதால் பெட்டியின் ஒலியளவை உச்சத்துக்குத் திருப்ப வேண்டிவரும், மலிவான பெட்டியில் அப்போது 'உஸ்' என்ற இரைச்சல் வரும். ஏ.டி.2020 போன்ற கொண்டென்சரோ, மேலே சொன்ன சட்டை மைக்கோ இங்கே பொருத்தம். இரவு பத்து மணிக்குப் பிறகு, காற்று விழுந்த நேரம் பார்த்துப் பதியுங்கள்.

இணையத்தில் மிக மலிவாக விற்கும் பி.எம்.800 என்ற பெயருள்ள சீனக் கொண்டென்சர்களைப் பற்றி ஒரு சொல். பார்க்க ஸ்டூடியோ மைக் போலிருக்கும், தாங்கியும் வலையும் சேர்ந்தே வரும். அதே பெயரில் பலர் பலவிதமாகச் செய்வதால் ஒன்று போல் இன்னொன்று இராது. கணினியின் சிறு துளையில் நேராகச் செருகும்போது இரைச்சல் மிகுந்து வருவது வழக்கமான முறைப்பாடு. அதே காசுக்கு ஒரு சட்டை மைக் நம்பிக்கையானது.

வாங்கும்போது

எஸ்.எம்.58 உலகில் அதிகம் போலி செய்யப்படும் மைக்குகளில் ஒன்று. உண்மையானது ஏறத்தாழ 298 கிராம் எடை, கையில் வைத்தால் கனம் தெரியும். நம்ப முடியாத அளவு மலிவாகக் கிடைத்தால் விட்டுவிடுங்கள். போலி எஸ்.எம்.58ஐ விட உண்மையான எக்ஸ்.எம்.8500 நல்லது.

வெளிநாட்டில் இருந்து யாராவது கொண்டுவருவதானால், உத்தரவாதம் இங்கே செல்லுபடியாகாமல் போகலாம் என்பதை மனதில் வையுங்கள். பழுதானால் திருத்தச் செலவு இல்லாத எளிய மைக்கே அப்போது புத்திசாலித்தனம். மைக்கோடு ஒரு நல்ல கேபிளும், வாய்க்கு முன்னால் நிறுத்தும் காற்று மறிப்பு வலையும் கேளுங்கள். கேபிள்தான் முதலில் கெடும்.

அறையை ஆயத்தப்படுத்தல்

வெறும் சீமெந்துச் சுவரும் நிலமும் உள்ள விறாந்தை, பாடுபவருக்கு இனிமையாகக் கேட்கும். மைக்குக்கு அது கிணறு. உடுப்பு நிறைந்த அலுமாரிக் கதவைத் திறந்துவிட்டு அதை நோக்கிப் பாடுங்கள். பின்னால் கொடியில் ஒரு தடித்த போர்வையைத் தொங்கவிடுங்கள். மெத்தையும் தலையணியும் உள்ள படுக்கையறை, பெரிய வரவேற்பறையை விட எப்போதும் நல்லது. சுவரில் முட்டைத் தட்டு ஒட்டுவதால் வெளிச் சத்தம் நிற்காது, எதிரொலியும் பெரிதாகக் குறையாது.

டைனமிக் மைக்குகளில் பெரும்பாலானவை முன்பக்க ஒலியை எடுத்துப் பின்பக்க ஒலியைத் தள்ளுபவை. ஆகவே மைக்கின் வால்பக்கம் யன்னலையோ மின்விசிறியையோ பார்க்கட்டும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் பனை எந்த நேரமும் பேசும். அந்த மாதங்களில் விடியற்காலையோ இரவோதான் பதிவுக்கு உகந்த நேரம்.

பதியும்போது

பாடுபவருக்கு நாலு விரல் முதல் அரைச் சாண் வரை, பேசுபவருக்கு ஒரு சாண் வரை தூரம் வையுங்கள். மிகக் கிட்டப் போனால் டைனமிக் மைக்கில் குரலின் அடிப்பகுதி தடிக்கும். மெல்லிய குரலுக்கு அது உதவி, ஏற்கனவே கனத்த குரலுக்கு உபத்திரவம். தமிழின் சொல் முதல் 'ப' ஆங்கிலத்தைப் போல் காற்றை ஊதாது, எனவே எங்களுக்கு 'பொப்' என்ற அடி குறைவு. ஆயினும் மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கன்னத்துப் பக்கம் சிறிது விலக்கி வைத்தால் மூச்சுக் காற்று அடிக்காது.

ஒலியளவு மானி உச்சத்தைத் தொடக்கூடாது. உரத்த இடத்தில் -12க்கும் -6க்கும் இடையில் நிற்கட்டும். சத்தம் குறைந்த பதிவைப் பிறகு கூட்டலாம், உச்சத்தில் வெட்டுப்பட்ட பதிவை மீட்பது கடினம். ஒப்பாரி பதியும்போது இதில் கூடிய கவனம் வேண்டும், மெல்லத் தொடங்கிச் சட்டென்று உயரும். கணினியில் பதிய 'ஓடாசிற்றி' என்ற இலவச மென்பொருள் போதும். கரோக்கிக்குப் பாடும்போது இசை ஹெட்போனில் மட்டும் ஒலிக்கட்டும், ஒலிபெருக்கியில் ஒலித்தால் குரலோடு இசையும் சேர்ந்து விழுந்துவிடும்.

முதியவர்களைப் பதிவதில் மைக்கை விட முக்கியமான ஒன்று உண்டு. எதற்காகப் பதிகிறோம், யார் கேட்பார்கள் என்று முதலில் சொல்லி அனுமதி கேளுங்கள். இடப்பெயர்வையோ இழந்தவர்களையோ பற்றிப் பேச்சுப் போகும்போது, அவர் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். பதிவு இன்னொரு நாள் தொடரலாம். அவர் சம்மதிக்காத எதையும் முகநூலில் போடாதீர்கள். தொடக்கத்தில் பேசுபவரின் பெயர், ஊர், திகதி ஆகியவற்றை நீங்களே மைக்கில் சொல்லிவிடுங்கள். இருபது வருடம் கழித்துக் கேட்பவர்களுக்கு அது தேவைப்படும்.

பதிந்த பின்

'வேவ்' வடிவத்தில் சேமியுங்கள். சாதாரண குரல் பதிவு ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 320 மெகாபைற். 32 ஜிகாபைற் அட்டை ஒன்றில் சுமார் 100 மணி நேரம் அடங்கும், ஒரு தலைமுறையின் பேச்சு அதற்குள் கொள்ளும். வட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பினால் ஒலி சுருங்கிவிடும். அதே கோப்பை 'ஆவணம்' என்று அனுப்பினால் மாறாமல் போகும்.

ஒரே இடத்தில் வைத்திருப்பதன் விலை எங்களுக்குத் தெரியும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் போயின, அவற்றில் சிலவற்றுக்கு வேறு பிரதியே இருக்கவில்லை. ஆகவே குறைந்தது மூன்று பிரதிகள்: ஒன்று வீட்டில், ஒன்று வெளிநாட்டு உறவிடம், ஒன்று இணையச் சேமிப்பில். பொது ஆவணமாக வைக்கச் சம்மதம் இருந்தால், 2005 முதல் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிமப்படுத்திவரும் நூலக நிறுவனத்தைத் தொடர்பு கொள்ளலாம். அதன் 'ஆவணகம்' தளத்தில் ஒலிப்பதிவுகளுக்கும் இடமுண்டு.

மைக்கை ஈரமும் உப்பும் படாமல், ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வையுங்கள். செருகிகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். தீவில் இரும்பும் செம்பும் சீக்கிரம் துருவேறும்.

இனி முடிவு. பணம் குறைவு என்றால் சட்டை மைக். பாடுவதே நோக்கம் என்றால் யு.எஸ்.பி. வழியுள்ள டைனமிக். அமைதியான அறையும் மெல்லிய குரலும் என்றால் கொண்டென்சர். எதுவும் வாங்க முடியாது என்றால் கைத்தொலைபேசியை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். நல்ல மைக் வந்தபிறகு பதிவோம் என்று தள்ளிப்போட வேண்டாம். மைக் அடுத்த வருடம் இன்னும் மலிவாகக் கிடைக்கக்கூடும். அம்மம்மாவுக்கு அடுத்த வருடம் இன்னும் ஒரு வயது கூடியிருக்கும்.